பச்சை முளைப்பாரி

கணபதிப் பகுதியில் மோட்டார் பட்டறைகள் இருக்கும் சந்துகளில் ராமாமணியைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அவளிடம் எதைக் கொடுத்தாலும் திரும்பி வராது. குடை, கத்தரிக்கோல், எவர்சில்வர் டிபன் டப்பா, பாதி படித்த வாரப் பத்திரிகை, எதுவானாலும் அவள் கைக்குப் போனால் போனதுதான். கேட்கப் போனால், "வாங்குனதைத் திருப்பிக் குடுக்கற பழக்கம் நமக்கில்லீங்க, தெரிஞ்சுதானுங்க குடுத்தீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். கேட்டவர்களும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள், ஏனென்றால் அவளும் யாருக்காவது கொடுத்ததைத் திரும்பக் கேட்டதில்லை.

அவள் வாங்கியதிலேயே பெரியது அண்ணன் சுந்தரராஜுலுவின் இடது கிட்னி. 1995 ஐப்பசியில் வாங்கினாள்.

அப்போது அவளுக்கு முப்பத்தேழு வயது. பம்ப்செட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றி இறக்குவது வேலை. நாலு ஆண்கள் ஒரு நாளில் முடிக்கிறதை அவள் மதியச் சோற்றுக்கு முன்னால் முடித்துவிடுவாள் என்று சொல்வார்கள். அது கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. இரண்டு கிட்னியும் சுருங்கிப்போய் டயாலிசிஸ் தொடங்கிய மாதமே கட்டினவன் திருப்பூரில் வேலை என்று போனான். அங்கேயே இன்னொரு குடும்பமும் வைத்துக்கொண்டான். அதற்காக யாராவது உச்சுக் கொட்டினால் ராமாமணிக்கு எரிச்சல் வரும். "கெட்டது போயிருச்சுங்க. நல்லது வந்துருச்சு, இங்கெ இருக்குது" என்று வலது அடிவயிற்றைத் தட்டிக் காட்டுவாள். பட்டறைப் பெண்களும் வாயை மூடிக்கொண்டு கம்பியைச் சுற்றுவார்கள்.

சுந்தரராஜுலு அவளுக்கு நேர் எதிர். அன்னூருக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் நாலு ஏக்கர் விவசாயம். ஆள் பேசவே மாட்டார். கிட்னியை ஏன் கொடுக்கிறீர்கள் என்று ஆஸ்பத்திரியில் அதிகாரிகள் மூன்று பேர் உட்கார்ந்து அரை மணி நேரம் கேட்டார்கள். "என்ற தங்கச்சிங்க" என்றார். வேறு காரணம் உண்டா என்று மறுபடி கேட்டார்கள். மறுபடியும் அதையேதான் சொன்னார்.

உலகத்தில் ராமாமணி எதிர்த்துப் பேசாத ஒரே ஆள் அவர்தான். வந்த வினையும் அங்கேயிருந்துதான் வந்தது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கிட்னி டாக்டர் திருமலைசாமி அவளை எதிரே உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லியிருந்தார். உடம்புக்கு ஒரு காவல் உண்டு. தன்னுடையது அல்லாத எது உள்ளே வந்தாலும் அது அடித்து விரட்டும். அண்ணன் கிட்னியையும் அந்நியம் என்றுதான் நினைக்கும். அதனால் மூன்று வகை மாத்திரை கொடுத்து அந்தக் காவலைத் தூங்கவைத்திருக்கிறோம். "காவல் தூங்கறப்ப கிட்னி பொழைக்குமுங்க. ஆனா வேற எவன் வந்தாலும் கேக்க ஆளிருக்காதுங்க. ஒரு வருசத்துக்குக் கூட்டம் வேண்டாம், மாட்டுக் கொட்டாய் வேண்டாம், எரு, வைக்கோல், மக்குன சாமான் எதுக்கும் கிட்டப் போகாதீங்க" என்றார். ராமாமணி தலையாட்டினாள். மூன்று மாதத்தில் பட்டறைக்குத் திரும்பினாள், அதையும் அவர் வைதுகொண்டே அனுமதித்தார்.

பங்குனி பிறந்ததும் சுந்தரராஜுலு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு சொன்னார். கிட்னி பிடித்துக்கொண்டால் தங்கை முளைப்பாரி எடுப்பாள் என்று ஊர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாராம்.

"நானு எடுக்கோணுமா, அண்ணா?"

"நீதான் எடுக்கோணும், அம்மிணி. உன்ற பேரைச் சொல்லித்தான் வேண்டுனேன்."

வேறு யார் கேட்டிருந்தாலும் டாக்டர் சொன்ன பட்டியலை ஒப்பித்து விரட்டியிருப்பாள். தன் வயிற்றைக் கிழித்துக் கொடுத்த மனிதர் முதல்முறையாக ஒன்று கேட்கிறார். எப்படி இல்லை என்பது? டாக்டரிடம் சொல்லவில்லை, சொன்னால் விடமாட்டார். ஒன்பது நாள் லீவு போட்டுவிட்டு அன்னூர் பஸ் ஏறினாள்.

அந்த ஊரில் முளைப்பாரி வளர்ப்பதற்கு ஒரு கட்டு உண்டு. காற்றும் வெயிலும் படாத அறை வேண்டும். வெயில் பட்டால் முளை பச்சையாகிவிடும். ஆத்தாளுக்குப் போவது வெள்ளையும் மஞ்சளுமாக, வெளிறி, நெட்டையாக நிற்க வேண்டும். எடுக்கிறவள் ஒருத்திதான் உள்ளே போய்த் தண்ணீர் தெளிக்கலாம். உள்ளே பார்த்ததை வெளியே வாய் திறந்து பேசவே கூடாது, பேசினால் வேண்டுதல் முறியும், முறிந்தால் கொடுத்ததை ஆத்தா எடுத்துக்கொள்வாள் என்று ஒரு பயம். சுந்தரராஜுலு தன் வீட்டில் சோளமும் கடலையும் போட்டுவைத்திருந்த சின்ன அறையைக் காலி செய்து கொடுத்தார். ஜன்னல் இல்லை. கதவு இடுக்கில் சாக்கைத் திணித்தார். ஏழு மண்சட்டியில் எருத்தூளும் நறுக்கிய வைக்கோலும் நிரப்பி, ஊறவைத்த தானியத்தைத் தூவினாள் ராமாமணி. கதவைச் சாத்தினால் உள்ளே வெந்த சோறு புளித்த மாதிரி ஒரு வாசம் வந்தது.

ஐந்தாம் நாள் விளக்கோடு உள்ளே போனபோது இரண்டு சட்டியில் வைக்கோல் மேல் பூஞ்சணம் பிடித்திருந்தது. சாம்பலும் பச்சையும் கலந்த நிறம், கிட்டப் பார்த்தால் வெல்வெட் துணி போல இருந்தது. முளைப்பாரியில் பூஞ்சணம் என்றால் ஊர் சும்மா விடுமா? அண்ணன் முகம் எப்படிப் போகும்? முந்தானையால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். முளைகளுக்கு நடுவில் விரல் போகாத இடத்தில், வாயைக் குவித்து ஊதினாள். புகை போல எழும்பி முகத்தில் அடித்தது. தும்மினாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினாள். ஐந்திலிருந்து ஒன்பதாம் நாள் வரை தினமும் இதே வேலை.

அந்த வருஷம் அவள் முளைப்பாரிதான் ஊரிலேயே உயரம். கோயில் தர்மகர்த்தா கண்ணையா, லேசில் யாரையும் மெச்சாதவர், "நூல் புடிச்ச மாதிரி நிக்குது" என்றார். சுந்தரராஜுலு கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராமாமணிக்கும் உள்ளூரப் பெருமைதான்.

மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. பிறகு வறட்டு இருமல். நெஞ்சின் வலப்பக்கம் மூச்சை இழுத்தால் ஊசி குத்துகிற மாதிரி வலி. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பாகத்தில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. கிட்னி மாற்றியவர்களுக்கு டி.பி. வருவது சகஜம், அவள் பட்டறையிலும் இரண்டு பேருக்கு டி.பி. வந்திருக்கிறது. எங்காவது போனீர்களா என்று திருமலைசாமி கேட்டார். அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தார். "இல்லீங்க" என்றாள். வார்டில் சேர்த்து டி.பி. மருந்து ஆரம்பித்தார்கள்.

மருந்து தின்னத் தின்னக் காய்ச்சல் ஏறியது. இரண்டாவது வாரம் இருமியபோது கைக்குட்டையில் ரத்தம் வந்தது. அதைவிடப் பெரிய இடி வேறு. கிட்னி சரியாக வேலை செய்கிறதா என்று ரத்தத்தில் ஒரு எண் பார்ப்பார்கள், கிரியாட்டினின். ஒன்று புள்ளி இரண்டில் நின்றிருந்தது ஒன்று புள்ளி ஒன்பதுக்குப் போயிருந்தது. டி.பி. மருந்து கிட்னி மாத்திரையின் வீரியத்தைக் குறைக்கும், அதனால் உடம்பின் காவல் விழித்துக்கொண்டு கிட்னியைத் தாக்கத் தொடங்கியிருக்கலாம் என்றார் திருமலைசாமி. "வேற வழியில்லீங்க, டி.பி.யை விட்டா உசிரு போயிரும்" என்றார். அன்றைக்கு முழுதும் ராமாமணி யாரிடமும் பேசவில்லை. வார்டில் நர்ஸ்களுக்கே அது பயமாக இருந்தது.

மறுநாள் மதியம் லேபிலிருந்து கரீம் வந்தார். கோட்டைமேட்டுக்காரர், நாற்பது வயது, பேசும்போது மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டே இருப்பார். கையில் டேப் ஒட்டி மூடிய கண்ணாடித் தட்டு ஒன்று இருந்தது.

"அக்கா, உங்க சளியை டி.பி.க்கு மூணு தடவை பாத்தாச்சுங்க, கிருமி இல்லீங்க. எனக்கு மனசு கேக்கலைங்க, வேற மருந்து ஊத்தி மைக்ராஸ்கோப்புல வெச்சேன். கவைக் குச்சியாட்டம் கிளை விட்டு நூல் நூலாத் தெரிஞ்சுது. தட்டுல போட்டு வளத்தேன், இது வந்துச்சு. டாக்டர்கிட்டச் சொன்னேன். இது காத்துல எங்கியும் இருக்கற பூஞ்சணம், தட்டுல வந்து உழுந்திருக்கும்னு சொல்லிப்போட்டாருங்க. அவர் சொல்றதும் ஞாயந்தான், பாதி நேரம் அப்படித்தான் ஆகும். ஆனா ரெண்டாவது தடவையும் இதே வந்திருக்குதுங்க. நீங்க எங்கியாச்சும் பூஞ்சணம் புடிச்ச எடத்துல இருந்தீங்களா?"

தட்டை வெளிச்சத்தில் பிடித்தார். சாம்பலும் பச்சையும் கலந்த வெல்வெட். ராமாமணி அதைப் பார்த்த நொடியில் தெரிந்துகொண்டாள். மூக்கில் அந்தப் புளித்த வாசம்கூட வந்தது.

சுந்தரராஜுலு கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. தலையை லேசாக, வேண்டாம் என்று ஆட்டினார். அவர் கண்ணில் இருந்தது பிடிவாதம் இல்லை, பயம். பேசினால் வேண்டுதல் முறியும், முறிந்தால் தங்கை போய்விடுவாள்.

முதல்முறையாக ராமாமணிக்கு அண்ணன் மேல் கோபம் வந்தது. அவர் மேலா, அந்த இருட்டு அறை மேலா, வாயை மூடிக்கொண்டு இத்தனை நாள் படுத்திருந்த தன் மேலா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. ஊரெல்லாம் வாய்க்காரி என்று பேர் எடுத்தவள் பேச வேண்டிய இடத்தில் ஊமையாக இருந்திருக்கிறாள்.

"அண்ணா, நானு பேசப்போறேன்" என்றாள். "ஆத்தாளுக்குக் கோவம் வந்தா என்ற மேல வரட்டும். நீங்க குடுத்தது டி.பி. மருந்துல வீணாப் போறதைப் பாத்துக்கிட்டு என்னால படுத்திருக்க முடியாது." அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

கரீமிடம் எல்லாம் சொன்னாள். அறை, எரு, வைக்கோல், சாக்கு திணித்த கதவு, ஐந்தாம் நாள், ஊதியது. ஊதியதைச் சொன்னபோது கரீமின் கண்ணாடி கீழே இறங்கியது, மேலே தள்ள மறந்துவிட்டார்.

"எத்தனை நாளுங்க ஊதுனீங்க?"

"அஞ்சு நாளுங்க, பாய்."

"நாங்கூட ஊதியிருந்தா ரெண்டு தும்மலோட போயிருக்குமுங்க, அக்கா. இந்தத் தூள் எல்லார் மூக்குலயுந்தான் போகுது. உடம்புல இருக்கற காவல் தின்னு செரிச்சுப்போடும். உங்குளுக்குக் காவலைத் தூங்க வெச்சிருக்குதுங்களே. உள்ள போனது ஈரம் கண்டு, சூடு கண்டு, மொளச்சிருக்குது. அந்த நூல் ரத்தக் குழாய்க்குள்ள பூந்து அடைச்சுக்கும். ரத்தம் போகாத எடம் செத்துப் போகும். அதான் உங்குளுக்கு ரத்தமா வருதுங்க."

"அப்ப, மொளப்பாரி என்ற நெஞ்சுக்குள்ளயே வளந்திருக்குது" என்றாள் ராமாமணி. கரீம் தட்டை எடுத்துக்கொண்டு திருமலைசாமியின் அறைக்கு ஓடினார். ஆஸ்பத்திரியில் கரீம் ஓடி யாரும் பார்த்ததில்லை.

திருமலைசாமி வந்து கட்டில் ஓரம் நின்றார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அன்றே ஸ்கேன் எடுத்தார்கள், நெஞ்சில் ஊசி விட்டு உறிஞ்சிப் பார்த்தார்கள். கரீம் சொன்னதே சரியாயிற்று. டி.பி. மருந்து நின்றது, ஆம்போ என்று நர்ஸ்கள் கூப்பிட்ட மஞ்சள் மருந்து ஏறத் தொடங்கியது.

அந்த மருந்தைப் பற்றி ராமாமணி பின்னாளில் பட்டறையில் கதை கதையாகச் சொல்வாள். பாட்டில் பாதி இறங்கும்போதே குளிர் பிடிக்கும். மூன்று கம்பளி போட்டாலும் கட்டில் தடதடவென்று ஆடும். "நம்ம பட்டறைல பேரிங் போன மோட்டாரை ஓட்டுவீங்களே, அந்தச் சத்தம்" என்பாள். ஆனால் அந்தக் குளிர் அவளைப் பயமுறுத்தவில்லை. பயமுறுத்தியது எண். ஆம்போ பூஞ்சணத்தைக் கொல்லும், கூடவே கிட்னியையும் வாட்டும். தினமும் காலையில் ரத்தம் எடுக்க வருகிற கரீமிடம் முதல் கேள்வி அதுதான். இரண்டு புள்ளி ஒன்று. இரண்டு புள்ளி நான்கு. இரண்டு புள்ளி எட்டு. மருந்துக்கு முன்னால் உப்புத் தண்ணீர் பாட்டில் ஏற்றினால் கிட்னிக்குக் கொஞ்சம் பாதுகாப்பு என்று ஒரு நர்ஸ் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பாட்டில் ஏறாமல் மஞ்சள் பாட்டிலைத் தொட விடமாட்டாள். ஒருநாள் அவசரத்தில் மாற்றி மாட்ட வந்த நர்ஸைக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். அந்தப் பெண் அழுதது, பிறகு ராமாமணியே அவளுக்குப் பாதி ஆரஞ்சு உரித்துக் கொடுத்துச் சமாதானம் செய்தாள்.

மூன்றாவது வாரம் திருமலைசாமி அண்ணனையும் தங்கையையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசினார். காய்ச்சல் குறைந்திருக்கிறது. ஆனால் திட்டு முழுதாகக் கரையவில்லை. பெரிய ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் நிற்கிறது, அரித்துவிட்டால் ஒரே இருமலில் முடிந்துவிடும். மருந்தை இன்னும் கூட்ட வேண்டும், கிட்னி மாத்திரைகளை அடியோடு நிறுத்திக் காவலை எழுப்ப வேண்டும். "கிட்னியை விட்டுருவோமுங்க. பழையபடி டயாலிசிஸ்ல இருக்கலாம். உசிரு முக்கியம்" என்றார்.

சுந்தரராஜுலு உடனே சொன்னார். "போனாப் போவுது சாமி. புள்ளை பொழைச்சாப் போதுமுங்க."

"நானு போகவிட மாட்டேனுங்க" என்றாள் ராமாமணி.

"அம்மிணி..."

"நீங்க சும்மா இருங்க, அண்ணா. குடுத்தவருக்குப் பேச்சில்லை, வாங்குனது நானு." டாக்டரிடம் திரும்பினாள். "சார், அந்தப் படத்தைக் காட்டுங்க."

ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்கள். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"கெட்டது இந்த ஒரு எடந்தானுங்களா?"

"இப்போதைக்கு ஒரே எடந்தான்."

"எங்க பட்டறைக்கு எரிஞ்ச மோட்டார் வருமுங்க. ஒரு காயில் மட்டும் கருகியிருக்கும். அதுக்காக மோட்டாரையே காயலாங்கடைக்குப் போடுன்னா முதலாளி எங்களை வெச்சிருப்பாருங்களா? கருகுனதை மட்டும் வெட்டி எடுத்துப்போட்டு ஓட்டுவோம். இதை வெட்டி எடுங்க. மருந்தைக் கூட்ட வேண்டாம், கிட்னியை நிறுத்த வேண்டாம்."

திருமலைசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவும் ஒரு வழிதான், அவருக்கும் தெரியும். ஆனால் இந்த உடம்பு நெஞ்சைத் திறக்கத் தாங்குமா, ஆறுமா, மேஜையிலேயே போய்விட்டால் என்ன செய்வது? சர்ஜன் வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனார். மறுநாள் அவர் ரவுண்ட்ஸ் வந்தபோது ராமாமணி கட்டிலில் இல்லை. மாடிப்படி முனையில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க நின்றிருந்தாள். இரண்டு மாடி ஏறி வந்திருந்தாள்.

"எண்ணிக்கிட்டேதானுங்க ஏறுனேன், நாப்பத்திநாலு படி" என்றாள். "சாகறவ ஏறுவாளுங்களா?"

சர்ஜன் அவளைக் கண்டபடி வைதார். அதன் பிறகு படத்தை இன்னொரு தரம் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

வியாழக்கிழமை காலை வலது நுரையீரலின் மேல்மடலை எடுத்தார்கள். ஐந்து மணி நேரம். சுந்தரராஜுலு வெளியே பெஞ்சில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கரீம் வந்து உட்கார்ந்தார். லேபில் கூப்பிட்டபோதெல்லாம் கரீம் எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்.

மறுநாள் அவள் கண் விழித்தபோது தொண்டையில் குழாய் எடுத்த எரிச்சல், விலாவில் நெருப்பு. அண்ணன் முகம் மேலே தெரிந்தது. பிழைத்தேனா என்று அவள் கேட்கவில்லை.

"எத்தனை?" என்றாள்.

சுந்தரராஜுலு குனிந்து, கட்டிலடியில் தொங்கிய மூத்திரப் பையைப் பார்த்தார். இத்தனை வாரத்தில் அவரும் அளவுக்கோடு பார்க்கக் கற்றிருந்தார். நிமிர்ந்தபோது வாய் கோணியது. எண்ணைச் சொல்ல முடியவில்லை. பையையே கொக்கியிலிருந்து எடுத்து அவள் பார்க்கிற உயரத்துக்குத் தூக்கிக் காட்டினார், நர்ஸ் பதறி ஓடி வந்து, பையை உயர்த்தக் கூடாது என்று பிடுங்கிக் கீழே மாட்டினாள். ஆயிரத்து நூறு மில்லி, கிட்னி வேலை செய்கிறது. ராமாமணி கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள், சிரித்ததில் தையல் இழுத்து வலித்தது.

எண் ஒன்று புள்ளி எட்டுக்கு இறங்கி அங்கேயே நின்றது. பழைய ஒன்று புள்ளி இரண்டு திரும்பவில்லை. பூஞ்சணத்துக்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டாள். வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும், அதனால் அவள் மெதுவாக நடந்தாள், வேகமாகப் பேசினாள். தை மாதம் பட்டறைக்குத் திரும்பினாள்.

மாசியில் ஊரிலிருந்து சேதி வந்தது. முளைப்பாரி அறை ரகசியத்தைப் பேசிவிட்டாள், அதனால்தான் நெஞ்சில் பாதி போயிற்று என்று ஊர் பேசுகிறதாம். முதலில் நெஞ்சு கெட்டது, அப்புறந்தான் பேசினாள் என்று கணக்கைத் திருப்பிப் போட்டுச் சொல்ல அங்கே ஆளில்லை. அதே அறையில், அதே முறையில் மறுபடி எடுத்தால்தான் குற்றம் தீரும் என்று கண்ணையா சொல்லியிருந்தார். ராமாமணி பஸ் ஏறத் தயாரானாள், சண்டை போடுவதற்குத்தான். ஆனால் சேதி கொண்டுவந்த சுந்தரராஜுலு கையமர்த்தினார்.

"நீ இப்ப வராத. திருவிழாக் கடைசி நாள் மட்டும் வா. டாக்டரைக் கேட்டுப்போட்டு வா" என்றார். திருமலைசாமி நிறைய யோசித்தார். எதையும் வளர்க்கக் கூடாது, எருவைத் தொடக் கூடாது, முகக் கவசம் கழற்றக் கூடாது, திறந்த வெளியில் அரை மணி நேரம் மட்டும் என்று அனுப்பினார்.

கடைசி நாள் காலை பதினோரு மணிக்கு ராமாமணி அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தாள். அந்த அறைக்குக் கதவு இல்லை. நிலையில் கீல் இருந்த இடத்தில் ஓட்டைகள் மட்டும் இருந்தன. உள்ளே வெயில் பாதி அறை வரை விழுந்திருந்தது, சுவருக்குப் புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது.

அண்ணன் அவளைக் கிணற்று மேட்டுக்குக் கூட்டிப் போனார். நாலு கல் அடுக்கி, அதன் மேல் அந்தக் கதவைப் படுக்க வைத்திருந்தார். கதவின் மேல், வெட்ட வெயிலில், ஏழு சட்டிகள். எருவும் வைக்கோலும் இல்லை, கழுவிய ஆற்று மணல். முளைகள் குட்டையாக, தண்டு தடித்து, இலை விரிந்து, பச்சைப் பசேலென்று நின்றன.

"யாருங்கண்ணா வளத்துனது?"

"நாந்தான்" என்றார் சுந்தரராஜுலு. "கரீம் பாய்கிட்டக் கேட்டுக்கிட்டேன்." ஆண்பிள்ளை முளைப்பாரி வளர்த்த கதை அந்த ஊரிலேயே கிடையாது. ஒன்பது நாளும் போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்க்க, அவர் செம்பை எடுத்துத் தண்ணீர் தெளித்திருக்கிறார். யாருக்கும் பதில் சொல்லவில்லையாம், வழக்கம்போல.

கோயில் முன்னால் மற்றப் பெண்கள் வெளிறிய முளைப்பாரிகளோடு வரிசையில் நின்றார்கள். முகக் கவசம் கட்டிய ராமாமணியும், பச்சைச் சட்டியைச் சுமந்துகொண்டு அண்ணனும் வந்ததைப் பார்த்து மேளக்காரர் அடியை நிறுத்தினார். கண்ணையா முன்னால் வந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர், தான் காத்துவந்த முறை கண்ணெதிரே உடைவதைப் பார்க்கிற மனிதர்.

"ஏனுங்கம்மணி, வெயில்ல காட்டி, ஆம்பளை தண்ணி ஊத்தி, மூஞ்சியில துணியைக் கட்டிக்கிட்டு. இதுக்குப் பேரு மொளப்பாரியா? போன வருசம் நூல் புடிச்சாப்புல கொண்டு வந்தீங்களே."

"போன வருசம் கொண்டு வந்தது சீக்குங்க" என்றாள் ராமாமணி. கவசத்துக்குள்ளிருந்து வந்தாலும் குரல் கடைசி வரிசை வரை கேட்டது. "வெளிச்சமில்லாம வெளுத்து நின்னதை நீங்க அழகுன்னீங்க. நானும் நம்பிப்போட்டேன். அந்த ரூம்ல புடிச்ச பூஞ்சணம் என்ற நெஞ்சுல மொளச்சுதுங்க. உள்ள என்ன இருந்துச்சுன்னு வெளிய சொல்லித்தான் பொழைச்சேன். இப்பவும் சொல்றேன், எல்லாருங் கேட்டுக்குங்க. அந்தச் சட்டியில எவளும் ஊதாதீங்க."

வரிசையில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் சட்டியை முகத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

கண்ணையா குரலைத் தணித்தார். "ஆத்தா இதை ஏத்துக்கலீன்னா என்னங்கம்மணி பண்ணுவீங்க?"

"ஏத்துக்கலீன்னா மொளப்பாரியைத் திருப்பிக் குடுத்துரச் சொல்லுங்க, ஊட்டுக்குக் கொண்டுபோய் ஆட்டுக்குப் போட்டுக்கறோம்." அவள் கை தானாக வலது அடிவயிற்றுக்குப் போனது. "ஆனா என்ற அண்ணன் குடுத்தது ஒண்ணு இங்கெ இருக்குதுங்க. அதை ஆத்தாளே நேர்ல வந்து கேட்டாலும் நானு திருப்பிக் குடுக்க மாட்டேன்."

சுந்தரராஜுலு சட்டியைத் தூக்கித் தங்கையின் தலையில் சும்மாட்டின் மேல் வைத்தார். சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, கண்ணையாவைப் பார்த்தும் பாராமலும், ஊருக்கே கேட்கிற மாதிரி, தன் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாகப் பேசியிராத மனிதர் பேசினார்.

"டாக்டர் அரை மணி நேரந்தான் குடுத்திருக்கறாரு. வழி உடுங்க. நட அம்மிணி."